மூன்று இடம் எடுக்கிற கட்சி

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. "திருநீறு பூசுகிற ஆள் ஏன் அப்பா கிறிஸ்தவக் கட்சிக்கு வாக்குப் போடுறீங்கள்? அதுவும் பாராளுமன்றத்தில் 150இல் 3 இடம் எடுக்கிற கட்சிக்கு?"

அந்தக் கட்சி, கிறிஸ்தன் யூனி, இங்கே நெதர்லாந்தில் 2000இல் இரண்டு சிறிய புரட்டஸ்தாந்துக் கட்சிகள் சேர்ந்து உண்டானது. கருக்கலைப்பு, கருணைக்கொலை விஷயங்களில் உனக்கு அவர்களோடு ஒத்துவராது. எனக்கும் எல்லாம் ஒத்துவருவதில்லை. ஆனால் 2023 ஜூலையை நான் மறக்கமாட்டேன். போருக்குத் தப்பி வந்தவர்களின் குடும்பங்கள் வந்து சேர்வதை மட்டுப்படுத்த வேண்டும் என்று பிரதமர் ருட்டேயின் கட்சி பிடிவாதமாக நின்றது. பிள்ளைகள் தாய் தகப்பனோடுதான் வளர வேண்டும் என்று கிறிஸ்தன் யூனித் தலைவி மிரியம் பிக்கரின் ஆட்கள் மறுத்துவிட்டார்கள். டி66 கட்சியும் மறுத்தது. இவர்கள் எல்லோரும் சேர்ந்திருந்த கூட்டணி அரசாங்கம் கவிழ்ந்தது. நவம்பர் தேர்தலில் கிறிஸ்தன் யூனியின் 5 இடம் 3 ஆனது.

நீ இங்கே பிறந்தவள். அண்ணாவை நான் விட்டு வந்தபோது அவனுக்கு இரண்டு வயது. அம்மாவுக்கும் அவனுக்கும் விசா கிடைக்க நாலு வருஷம் போனது. ஸ்கிப்போலுக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்கிக்கொண்டு போனேன். அது அவன் காலுக்குள் நுழையவே இல்லை. என் மனதில் இருந்த காலுக்கு அளவு பார்த்து வாங்கியிருக்கிறேன். விமான நிலையத்தில் அழக்கூடாது என்று இருந்தவன், அந்தச் சப்பாத்தைப் பார்த்து அழுதேன்.

சரி, இன்னொன்றும் இருக்கிறது. அவர்களின் கரோலா ஸ்கௌட்டன், பண்ணையில் வளர்ந்தவ, விவசாய அமைச்சராக இருந்தபோது 2018இல் சுழற்சி விவசாயத் திட்டம் கொண்டுவந்தா. மாட்டெரு மண்ணுக்கு, பயிரின் மிச்சம் மாட்டுக்கு, வெளியிலிருந்து வாங்கும் உரமும் தீனியும் குறைய வேண்டும். வாசித்தபோது உன் அப்பப்பா பூவரசங்குழையைப் பசளையாகத் தோட்டத்தில் தாழ்த்ததுதான் ஞாபகம் வந்தது. பிறகு மாட்டெருவிலிருந்து வரும் நைதரசனைக் குறைக்க வேண்டும் என்ற பிரச்சினையில் விவசாயிகள் உழவு இயந்திரங்களோடு டென்ஹாக்குக்கு வந்து அவவைத் திட்டினார்கள். அவர்களின் கோபமும் எனக்கு விளங்குகிறது, கடன் அவர்கள் தலையில்தானே.

இந்த முறையும் வாக்குச்சீட்டில் சிவப்புப் பென்சிலால் அந்தக் கட்சி ஆளின் பெயருக்குப் பக்கத்து வட்டத்துக்குத்தான் நிறம் தீட்டினேன். உனக்குச் சரியாகப் படாவிட்டால் ஈஸ்டர் லீவுக்கு வந்து நேரே சண்டை பிடி. அம்மா புட்டுக்கு மா வறுத்து வைத்திருக்கிறா.

அன்புடன்,
அப்பா