தெற்கு டிரோலையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். இத்தாலி என்றாலே நம் சுற்றுலாக் கட்டுரைகள் ரோம், வெனிஸோடு நின்றுவிடுகின்றன. வடக்கே, ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் தெற்கு டிரோலையும் எழுதுங்கள். முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியாவிடம் இருந்த நிலம் அது; இன்றும் அங்கே பெரும்பாலோர் பேசுவது ஜெர்மன்.

கால்டெர்ன் ஏரியைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். பழைய தோட்டங்களில் கம்பம் பள்ளத்தாக்கைப் போலவே பந்தல் போட்டுக் கொடி ஏற்றியிருக்கிறார்கள். அந்தத் திராட்சையில் செய்யும் வெளிர் சிவப்பு ஒயினோடு நான் சாப்பிட்டது கனெடெர்லி: காய்ந்த ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, முட்டை, பாலாடைக்கட்டி சேர்த்து உருட்டி வேகவைத்து, மேலே உருக்கிய வெண்ணெய். அபார ருசி! முட்டை மட்டும் சாப்பிடும் சைவ உணவுக்காரர்கள் பன்றியிறைச்சி சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோடை உச்சத்தில் பிரையெஸ் ஏரிக்குப் பகலில் காரில் போக முன்பதிவு தேவை. ஏரியைக் காக்க அது நியாயமே. இத்தகைய விவரங்களையும் சேர்த்து வெளியிடுங்கள்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்