மேல் ஏரிச் சங்கங்களுக்கு, கீழ் ஏரிக்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னையின் தெற்குப் புறநகரில் சிட்லபாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வட்டாரத்தின் ஏரி பாதுகாப்புச் சங்க நண்பர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் ஏரிகள் நிறைந்து, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர் வந்து சேரும் பக்கத்தில் குடியிருப்பவன் நான். எங்கள் கரையிலும் ஒரு சிறிய சங்கம் இருக்கிறது. உங்கள் அளவுக்குப் பெயர் வாங்கவில்லை, ஆனால் செய்கிற வேலை ஒன்றுதான். ஏரிகளைப் பற்றி நாம் தனித்தனியாக நிறையப் பேசிவிட்டோம், ஏரிகளுக்கு நடுவில் ஓடுகிற தண்ணீரைப் பற்றிச் சேர்ந்து பேசவே இல்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும், அதை மனதாரச் சொல்கிறேன். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் ஏற்றித் தண்ணீர் கொண்டுவரும் நிலைக்குச் சென்னை போனது. அந்த ஆண்டு சிட்லபாக்கத்து மக்கள் மண்வெட்டியும் கூடையுமாகத் தங்கள் ஏரிக்குள் இறங்கினார்கள். அப்புறம்தான் அரசு அந்த ஏரிக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. யாரும் குரல் கொடுக்காவிட்டால் ஓர் ஏரி என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் இன்று வள்ளுவர் கோட்டமும் லேக் ஏரியாவும் இருக்கின்றன. மாம்பலம் ஏரி தியாகராய நகருக்குள் போய்விட்டது. பல்லாவரம் பெரிய ஏரியை 200 அடி ரேடியல் சாலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. உங்கள் ஏரிகள் இன்னும் ஏரிகளாக இருப்பதற்கு நீங்கள் ஒரு முக்கியக் காரணம்.

நம் பகுதி ஏரிகள் அநாதையானது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். ஏரித் தண்ணீரில் பாசனம் பெற்ற ஆயக்கட்டு வயல்கள் மனைகளாக விற்றுப்போயின. வயல் போனதும் மதகைத் திறக்க ஆள் தேவைப்படவில்லை, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுகிற நீர்கட்டி வேலையும் நின்றுபோனது. வரத்துக்கால்வாயை ஆண்டுதோறும் வெட்டிச் சீர்செய்த ஊர்க்கூட்டம் கலைந்தது. தண்ணீர் தேவைப்பட்டவர்கள் போனபின், நிலம் தேவைப்பட்டவர்கள் வந்தார்கள். அந்த விவசாயிகள் விட்டுப்போன இடத்தில்தான் இன்று குடியிருப்போர் சங்கங்கள் நிற்கின்றன.

ஆனால் அந்த விவசாயிக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மேல் ஏரி நிறைந்ததா, அதன் கலங்கல் எந்த உயரத்தில் இருக்கிறது, நடுவில் எவன் வாய்க்காலை அடைத்தான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அது தெரியாமல் அவரால் நாற்று விட முடியாது. நம் சங்கங்கள் தெருவிலிருந்து பிறந்தவை. அதனால் நம் கண் கரையோடு நின்றுவிடுகிறது. நடைபாதை, வேலி, மின்விளக்கு, குழந்தைகள் பூங்கா, ஆகாயத்தாமரை அகற்றம் என்று நாம் கேட்பவை எல்லாமே பெரும்பாலும் கரைக்கு உள்ளே இருப்பவை. ஏரியை வாழவைப்பதோ, சாகவைப்பதோ கரைக்கு வெளியே நடக்கிறது.

சாக்கடையை எடுத்துக்கொள்வோம். ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்று போராடுகிறோம். அதிகாரிகளும் ஒரு வழி சொல்கிறார்கள்: கழிவுநீரை ஏரிக்குள் விடாமல், கரையை ஒட்டி மூடிய கால்வாய் கட்டி, கலங்கலுக்குக் கீழே கொண்டுபோய் விட்டுவிடலாம். நாமும் சரி என்கிறோம். உள்ளே தண்ணீர் தெளிகிறது, பறவைகள் திரும்புகின்றன, படம் எடுத்துப் போடுகிறோம். திருப்பிவிட்ட கழிவுநீர் உபரிக் கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகிறது. வாசலைப் பெருக்கிக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளுவது போலத்தான் இது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, கீழே பார்க்காமல் செய்துவிடுகிறோம், அவ்வளவுதான். எங்கள் ஏரியிலும் இந்தத் திட்டத்தை வைத்தால் எங்களில் பாதிப் பேர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழ் ஏரியில் அப்புறம் நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கழிவுநீரில் இருக்கிற நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆகாயத்தாமரைக்குக் கொழுத்த உரம். செடி தண்ணீரை மூடுகிறது, செத்து மூழ்கி அடியில் அழுகுகிறது, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து ஒரு விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. பொக்லைன் வைத்து அள்ளுகிறார்கள். உரம் வந்துகொண்டே இருப்பதால் அது மறுபடி முளைக்கிறது. கழிவுநீர் வரவை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளுகிற பணம் வீண் என்பதே என் கருத்து.

பெங்களூரின் ஜக்கூர் ஏரியை நம் சங்கங்கள் சேர்ந்து போய் ஒருமுறை பார்த்து வரலாம். அங்கே சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர் நேராக ஏரிக்குள் விழுவதில்லை. கோரையும் சம்பும் வளர்ந்த ஒரு சதுப்பு வழியாக மெல்லப் புகுந்து, அதன்பின் ஏரிக்கு வருகிறது. ஜக்கூர் வழிந்தால் கீழே ராச்சேனஹள்ளி ஏரி. மேலே செய்த வேலையின் பலன் கீழேயும் போய்ச் சேருகிறது. நாம் கேட்க வேண்டியது இந்த மாதிரி ஏற்பாடு. வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு, நீர் நுழையும் வாயிலிலேயே சுத்திகரிப்பு, அது முடியும்வரை திருப்பிவிடும் கால்வாய் வேண்டாம் என்கிற உறுதி. கடைசியாகச் சொன்னதை நீங்கள் கேட்டால்தான் எடுபடும். நாங்கள் கேட்டால், கீழே இருப்பவர் புலம்புகிறார் என்று போய்விடும்.

கலங்கல் விஷயத்துக்கு வருகிறேன். ஏரியில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்ற ஆசையில் கலங்கலை ஒரு வரிசை உயர்த்தச் சொல்கிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. மணல் மூட்டை அடுக்குகிறவர்களும் உண்டு. அந்த உயரம் யாரோ கண்ணளவில் வைத்தது அல்ல. கரையின் பலம், நீர்ப்பிடிப்பின் பரப்பு, மேலே இருக்கும் ஊரின் தரைமட்டம் எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. அதை உயர்த்தினால் வரத்துக்கால் பக்கத்து வீடுகளில் தண்ணீர் ஏறும். கனமழையில் கரை தாங்காது என்று பயந்து யாராவது ராத்திரியில் கரையை வெட்டிவிட்டால், சீராக வழிந்து வரவேண்டிய தண்ணீர் மொத்தமாக எங்கள் மேல் இறங்கும்.

ஆழப்படுத்துவதிலும் ஒரு சொல். ஓரம் வரை செங்குத்தாக வெட்டிக் கல் பதித்துவிட்டால் நீர்க்காகம் மட்டும்தான் சுகமாக இருக்கும். நத்தைகுத்தி நாரைக்கும் உள்ளானுக்கும் கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும் வேண்டும். தாழைக்கோழி கூடு கட்ட ஓரத்தில் புல்லும் கோரையும் வேண்டும். சேறு அழகாக இருக்காது, புகைப்படத்துக்கும் ஒத்துவராது. ஆனாலும் அந்தச் சரிவான ஓரத்தை விட்டுவைக்கச் சொல்லி ஒப்பந்தக்காரரிடம் சண்டை போடுங்கள். ஏரியில் உயிர் அதிகம் இருப்பது அந்த ஓரத்தில்தான்.

நம் தண்ணீரின் பாதையை ஒருமுறை சேர்ந்து நினைத்துக்கொள்வோம். சிட்லபாக்கத்து உபரி செம்பாக்கத்துக்கு வருகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், பிறகு பள்ளிக்கரணைச் சதுப்பு. சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், முட்டுக்காடு, கடல். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் நம் சரிவில் விழுந்த தண்ணீருக்கு இந்த வழியைத் தவிர வேறு வழி இல்லை. கடைசியில் தாங்க வேண்டிய பள்ளிக்கரணையோ குப்பைமேட்டாலும் சாலைகளாலும் கட்டடங்களாலும் சுருங்கிக் கிடக்கிறது. 2022-இல் அதற்கு ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்ததில் நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அந்தச் சதுப்புக்கு மேலேயிருந்து என்ன தண்ணீர் அனுப்புகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இந்தப் பாதை முழுவதுக்கும் பொறுப்பான அலுவலகம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். ஏரி நீர்வளத்துறையிடம், நிலப் பதிவேடு வருவாய்த்துறையிடம், மழைநீர் வடிகால் உள்ளாட்சியிடம், பெரிய சாலையின் கீழ் இருக்கும் சிறுபாலம் நெடுஞ்சாலைத்துறையிடம், சதுப்பு வனத்துறையிடம். மேலே தாம்பரம் மாநகராட்சி, கீழே சென்னை மாநகராட்சி. ஒவ்வொருவரும் தங்கள் எல்லைக்குள் நன்றாகவே வேலை செய்தாலும், எல்லைக்கோட்டைத் தாண்டுகிற தண்ணீருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த இடைவெளியை நாம் சேர்ந்துதான் நிரப்ப முடியும். இப்போதோ நாமும் அவர்களைப் போலவே எல்லை பிரித்து நிற்கிறோம். மழை இரவில் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் கலங்கல் வழிவது ஓடிக்கொண்டிருக்கும், எங்களுக்கு அது தெருவுக்குள் தண்ணீர் வந்தபின் தெரியும். ஒரு போன் போதும். வண்டியை மேட்டில் நிறுத்தவும், தரைத்தளத்து முதியவர்களை மேலே ஏற்றவும் எங்களுக்கு நேரம் கிடைக்கும்.

ஆக்கிரமிப்பு பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அளவீடு கேட்கும்போது ஏரியின் புல எண்ணோடு நிறுத்தாதீர்கள். வாய்க்கால் புறம்போக்கையும் ஓடைப் புறம்போக்கையும் புல வரைபடத்தோடு சேர்த்துக் கேளுங்கள். ஏரியைச் சுற்றி வேலி பத்திரமாக இருக்கும், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் ஒரு தெருவுக்கு அடியில் குறுகிப்போன வடிகாலாகி இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இயந்திரம் வரும்போது முதலில் இடிவது கரையோரக் குடிசைகள். அடுக்குமாடிக்கும் அரசுக் கட்டடத்துக்கும் அந்த வேகம் வருவதில்லை. நீர்நிலை ஓரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட பல குடும்பங்களைப் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் கொண்டுபோய் வைத்தார்கள். அவையும் சதுப்பின் ஓரத்துத் தாழ்ந்த நிலம்தான், மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர் சூழ்கிறது. இடிப்பதைப் பார்த்துக் கைதட்டும் சங்கமாக நாம் இருக்கக் கூடாது என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கரையில் வலை வீசுகிறவரும் மாடு மேய்க்கிறவரும் நம் கூட்டங்களில் உட்கார வேண்டும். ஏரியை வருடம் முழுக்கப் பார்க்கிறவர்கள் அவர்கள்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய கூட்டமைப்பு, பதிவு எண், தலைவர், செயலாளர் என்று தொடங்க வேண்டாம். அதில் நம் சக்தி போய்விடும். ஒவ்வொரு ஏரியிலும் இரண்டு பேர் பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும். மதகுப் பக்கம் ஓர் அளவுகோலைப் பெயிண்டில் வரைந்து, நீர்மட்டத்தைக் குறித்து எல்லா ஊருக்கும் அனுப்பட்டும். மேலே ஒரு திட்டம் வந்தால் அதன் வரைபடத்தைக் கீழே உள்ளவர்களுக்குக் காட்டிய பிறகே ஒப்புதல் சொல்வோம். அதிகாரிகளுக்கு இனி மனு கொடுத்தால் ஏரிக்கு ஒன்றாகக் கொடுக்காமல், சிட்லபாக்கம் முதல் நாராயணபுரம் வரை ஒரே மனுவாக, எல்லாச் சங்கத்தின் கையெழுத்தோடும் கொடுப்போம்.

அதற்கு முன்னால் ஒரு நடை. ஐப்பசி மழை பிடிப்பதற்குள், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிட்லபாக்கம் கலங்கலில் கூடி, உபரி போகும் வழியிலேயே நடந்து கீழே வருவோம். வாய்க்கால் எங்கே காணாமல் போகிறதோ அங்கே நின்று வரைபடத்தில் குறித்துக்கொள்வோம். பழைய வயல்வெளியைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் ஊரில் யாராவது இருந்தால் ஒரு ஆட்டோ வைத்தாவது அழைத்து வாருங்கள். நாராயணபுரத்தில் சாப்பாடு எங்கள் பொறுப்பு. தேதியை நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
கீழ் ஏரிக்கரைச் சங்கத்துக்காரன்