முகிலனும் கதிரும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

நீ எழுதி அனுப்பிய கதையின் எட்டு அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். முகிலனும் கதிரும் மனசிலேயே நிற்கிறார்கள். ஒருவன் யோசிக்காமல் குதிப்பவன், இன்னொருவன் யோசித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுபவன். ஒருவன் கலகலப்பு, ஒருவன் அமைதி என்று குணத்தோடு நிறுத்தாமல், எதையாவது இழக்கவைக்கும் குறையையே இருவருக்கும் கொடுத்திருக்கிறாய். அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஒன்றுதான் உறுத்துகிறது. முகிலன் அவசரப்படும்போதெல்லாம் கதிர் தடுத்துவிடுகிறான். கதிர் தயங்கும்போதெல்லாம் முகிலன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறான். மூன்றாவது முறையும் இப்படியே நடக்கும்போது படிப்பவருக்குப் பயம் விட்டுப்போகிறது. யார் விழுந்தாலும் மற்றவன் தாங்கிக்கொள்வான் என்று தெரிந்துவிடுகிறதே.

இப்படிப்பட்ட நட்புக்கு ஒரு விலை உண்டு, அதை நீ எழுத வேண்டும். முடிவெடுக்க முகிலன் இருக்கும்வரை கதிர் முடிவெடுக்கக் கற்றுக்கொள்ளவே மாட்டான். பின்னால் வருவதைக் கதிர் பார்த்துக்கொள்வான் என்ற தைரியத்தில் முகிலன் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பான். நட்பின் நிழலிலேயே இரண்டு குறையும் வளரும். அவர்களோ அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது பாசமும்தான். இரண்டையும் பிரிக்க முடியாமல் இருப்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம்.

ஒரு அத்தியாயத்துக்கு அவர்களைப் பிரித்துப் பார். கதிர் உடனே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், முகிலனுக்கோ போன் கிடைக்கவில்லை. அப்போது கதிர் என்ன செய்கிறான்? அப்புறம் முகிலன் திரும்பி வந்ததும், "நீ ஏன் அன்றைக்கு இல்லை?" என்று அவன்மேல் பாய்கிறானா? அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அங்கே வசனத்தைக் குறைத்துவிடு.

முடிந்தால் செர்வாண்டிஸ் எழுதிய டான் குயிக்ஸாட் நாவலை மறுபடி எடுத்துப் படி. வீரக்கதைகளைப் படித்துப் பித்தேறி, தன்னை ஒரு மாவீரனாக நினைத்துக்கொள்பவன்தான் டான் குயிக்ஸாட். 1605இல் வந்த முதல் பாகத்தில் அவன் முதலில் தனியாகத்தான் கிளம்புகிறான், அடிபட்டு வீடு திரும்பிய பிறகுதான் சாஞ்சோ பான்சா என்ற விவசாயியைத் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறான். டான் குயிக்ஸாட்டுக்குக் கனவே உலகம், சாஞ்சோவுக்கு வயிறும் கழுதையும். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தின் முடிவில், சாகக் கிடக்கும் டான் குயிக்ஸாட் பித்துத் தெளிந்து பேசுகிறான். சாஞ்சோவோ அழுதுகொண்டே, எழுந்திருங்கள், இடையர் வேடம் போட்டுக்கொண்டு வயல்வெளிக்குப் போவோம் என்று கெஞ்சுகிறான். இத்தனை காலம் கூடவே நடந்ததில் ஒருவனுடைய கிறுக்கு மற்றவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

உன் கதையிலும் அப்படி ஒரு இடம் வந்திருக்கிறது. எட்டாம் அத்தியாயத்தில் முகிலனைக் காப்பாற்றக் கதிர் சொல்லும் பொய்யைச் சொல்கிறேன். எதற்கும் நூறு தடவை யோசிப்பவன் அதை மட்டும் யோசிக்காமல் சொல்லிவிடுகிறான். எதை வெட்டினாலும் அதை வெட்டிவிடாதே. அதைத் தெரிந்தே எழுதினாயா, இல்லை எழுதும்போது தானாக வந்ததா? அடுத்த தடவை பேசும்போது சொல்.

அன்புடன்,
அம்மா