துடைப்பம் பிடித்தவன் எழுதுவது

மன்னார்குடி

அன்புள்ள ராஜு,

உன் கடிதமும் கூடவே நீ வைத்திருந்த புது வீட்டு பிளானும் கிடைத்தன. ஒரு வழியாக ரிட்டையராகி திருவையாற்றுக்கே திரும்பி வரப் போகிறாய். சந்தோஷம். இங்கே சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை கட்டி நிற்கிறது. நாலு நாளாக விடாத மழை. சரசுவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி இரண்டு மாதமாகிறது. நடக்கிறாள், குனியத்தான் முடியவில்லை. அதனால் கூட்டுவதும் துடைப்பதும் இப்போது என் வேலை. சிரிக்காதே.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. துடைப்பம் கைக்கு வந்த பிறகுதான் அதில் நான் செய்து வைத்த கோளாறெல்லாம் தெரிகிறது. இத்தனை வருடமாக அவள் முணுமுணுத்ததும் இதைத்தான். என் காதில் விழவில்லை.

முதல் காரியமாக அந்த ஃபால்ஸ் சீலிங்கை எடுத்துவிடு. ஹாலைச் சுற்றிப் பள்ளம் விட்டு உள்ளே விளக்கை ஒளித்து வைக்கிற அதே டிசைன் உன் பிளானிலும் இருக்கிறது. தீபாவளி சமயத்தில் வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைத் தேடிப் படையெடுக்குமே, சென்னைக்குப் போய் மறந்துவிட்டாயா? அத்தனையும் அந்தப் பள்ளத்தில்தான் விழுந்து சாகிறது. போன வாரம் ஏணி போட்டு ஏறி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி அள்ளினேன். அரை முறம் தேறியது. பாதி என் தலையில்.

அப்புறம் தரை. நான் ஒரு அடி டைல்ஸ் போட்டேன். இரண்டடிக்கு இரண்டடி போட்டிருந்தால் இடுக்கின் நீளம் பாதியாகியிருக்கும். அழுக்கு உட்காருவது இடுக்கில்தானே. குளியலறையிலும் அடுப்பு மேடையிலும் இடுக்கை சிமென்ட்டுக்குப் பதிலாக எபாக்ஸி என்கிற பிசின் கலவையால் அடைக்கச் சொல். காசு கூடத்தான், ஆனால் தண்ணீரையும் எண்ணெயையும் குடிக்காது. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. டைல்ஸில் வெள்ளை படிகிறதே என்று, யாரோ சொன்னதைக் கேட்டு ஆசிட் ஊற்றினேன். வெள்ளையும் போனது, இடுக்கிலிருந்த சிமென்ட்டும் போனது. இப்போது எலுமிச்சை உப்பைக் கரைத்து டைல்ஸ் மேல் மட்டும் தடவி, சற்று ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுகிறேன். குளித்த கையோடு சுவரை வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் அதற்கும் அவசியம் வராது. தண்ணீர் அங்கேயே காய்ந்தால்தான் உப்பு படியும்.

குளியலறை வாட்டத்தை மட்டும் மேஸ்திரி கண்ணளவுக்கு விடாதே. அடிக்குக் கால் அங்குலமாவது வடிகாலைப் பார்த்து இறங்க வேண்டும். கூலியை முடிப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார். எங்கள் வீட்டு மூலையில் எப்போதும் ஒரு குட்டை நிற்கிறது. சரசு அதற்கு எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தின் பெயரையே, ஹரித்ராநதி என்று வைத்திருக்கிறாள். தெப்பம் விடுவதுதான் பாக்கி.

ரெட் ஆக்சைடு கலந்த சிவப்பு சிமென்ட் தரை போடலாமா என்று கேட்டிருந்தாய். எங்கள் பாட்டி வீட்டுத் தரையை நினைத்துத்தான் கேட்கிறாய், தெரியும். நாம் முகம் பார்த்த தரை. இடுக்கே கிடையாது, கூட்டினால் துடைப்பம் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் நம் களிமண் மழையில் உப்பிக்கொள்ளும், கோடையில் சுருங்கும். அஸ்திவாரம் கொஞ்சம் அசைந்தாலும் அந்தத் தரையில் விரிசல் விழும். அதை நன்றாக இழைத்துத் தேய்க்கிற கையும் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. வேண்டாம் என்பேன். அங்கிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்: தரையும் சுவரும் சேருகிற இடத்தில் மூலை தெரியாமல் வளைத்துவிட்டிருப்பார்கள். என் வீட்டில் சுவரடியில் ஓடுகிற ஸ்கர்ட்டிங் பட்டை சுவரை விட்டு அரை அங்குலம் துருத்திக்கொண்டிருக்கிறது. தை, மாசியில் அறுப்பு மெஷின் ஓடும்போது அந்த விளிம்பு முழுக்கப் பதர்த் தூசி. சுவரோடு சுவராக வரும்படி, பூச்சு வேலைக்கு முன்னாலேயே சொல்லிவிடு.

வாசலில் கால் கழுவ ஒரு குழாயும் சொரசொரப்பான கல்லும் போடு. கொல்லைப் பக்கமும் ஒன்று. நம் ஊர்ச் சேறு மிதியடியில் துடைத்துப் போகிற ஜாதி இல்லை.

பிளானைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பென்சிலில் கிறுக்கியிருப்பது நான். சமையலறை மேல் அலமாரிகளைக் கூரை வரைக்கும் இழுத்து, கட்டிலுக்கு அடியில் துடைப்பம் நுழைய இடம் விட்டு, சிவப்பு மையில் திருத்தியிருப்பதெல்லாம் சரசு. உன் பூஜையறைப் பரணைக் கேள்வி கேட்காமல் அடித்துவிட்டாள். சண்டை போடுவதானால் அவளிடம் போட்டுக்கொள்.

அன்புடன்,
மணி