டியூட்டி முடித்தவரை மறுநாள் பத்து மணிக்கு விடுங்கள்

மருத்துவக் கல்வி இயக்குநர் அவர்களுக்கும், அரசு மருத்துவக் கல்லூரிகளின் டீன்கள், துறைத் தலைவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

அண்மையில் ஒரு கல்லூரியில் முதுநிலை மாணவர்களுக்கு மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கு நடந்தது. மதியம் 2 மணிக்கு. வருகைப் பதிவு கட்டாயம். முந்தைய நாள் காலை 8 மணிக்கு அட்மிஷன் டியூட்டி (புதிதாகச் சேரும் நோயாளிகளைப் பார்க்கும் பணி) ஏறியவர்களும் வந்தாக வேண்டும் என்றார்கள். முப்பது மணி நேரமாகத் தூங்காதவர்களைக் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னால் என்ன ஆகும்? தூங்கிவிட்டார்கள். தூங்கியவர்களிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இந்த மடல் அதனால்தான்.

வகுப்பு எடுத்தவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. மூச்சுப் பயிற்சி நல்லதுதான். தூக்கத்துக்கு அது மாற்று ஆகாது. நாங்கள் கேட்பது ஒன்றே: இரவு டியூட்டி பார்த்த பி.ஜி.யை, அதாவது முதுநிலை மாணவரை, மறுநாள் காலை 10 மணிக்கு விட்டுவிடுங்கள்; அதை ரோஸ்டரில் (பணிப் பட்டியலில்) எழுத்தில் போடுங்கள்.

வேலை எப்படிப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்களும் அந்த வார்டுகளில் இருந்து வந்தவர்கள். ஆகவே இரவு முழுக்க டியூட்டி பார்த்த பின் வரும் இரண்டாம் நாள் காலையைப் பற்றி மட்டும் பேசுகிறோம். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்குகிறது என்று 1997இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. 24 மணி நேரத்தில் அது ஏறத்தாழ 0.10க்கு இணையாகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03. சாலையில் ஸ்கூட்டர் ஓட்ட விடமாட்டோம் என்கிற நிலையைவிட மோசமான நிலையில் இருப்பவர், ரவுண்ட்ஸ் முடிந்த கையோடு நோயாளியின் பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகுகிறார் (சென்ட்ரல் லைன்).

தூக்கமின்மை படித்ததை அழிப்பதில்லை. இரண்டாம் முறை சரிபார்க்கும் பழக்கத்தைத்தான் முதலில் தின்கிறது. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் நோயாளிக்குப் போவது 8 யூனிட்தான். மாறாக, 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடியில் அதே 20 கோடு எடுத்தால் 50 யூனிட் போய்விடும். முதலாமாண்டு பி.ஜி.க்கும் இது தெரியும். தெரிந்தும் மூடியின் நிறம் கண்ணில் படாத நேரம் ஒன்று வரும். தான் தடுமாறுவது அவருக்கே உறைக்காது என்பதுதான் இதில் பயங்கரம். பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வொன்று 2004இல் வெளியானது. 24 மணி நேரத்தைத் தாண்டும் டியூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், குறைந்த நேர முறையில் இருந்தவர்களைவிட 36 சதவீதம் கூடுதலாகக் கடுமையான தவறுகள் செய்திருந்தார்கள்.

ஆள் இல்லை என்பீர்கள். ஆள் கூட்டாமலேயே பாதி செய்யலாம். ரவுண்ட்ஸை இரவில் அட்மிட் ஆன நோயாளிகளிடமிருந்து தொடங்குங்கள், டியூட்டி பி.ஜி. ஒன்பதரைக்குள் அவர்களைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுவார். அடுத்து வருபவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ‘ஓவர்’ கொடுப்பது வாய்மொழியாக இருக்க வேண்டாம். படுக்கை எண், நிலை, வரவேண்டிய ரிப்போர்ட், மோசமானால் என்ன செய்வது என்ற நான்கும் ஒரே தாளில் இருக்கட்டும். அது இல்லாததால்தான் மதியம் தூங்கப் போனவரை ஐந்து முறை போனில் எழுப்புகிறார்கள். இரவில் இரண்டு பேர் இருக்கும் யூனிட்டில் 11 முதல் 3 வரை ஒருவர், 3 முதல் 7 வரை இன்னொருவர் தூங்கட்டும். தூங்குபவரின் போன் விழித்திருப்பவரிடம் இருக்கட்டும். எழுந்தவுடன் கால் மணி நேரமாவது மந்தம் இருக்கும் என்பதால் நேராக ஓ.டி.க்கு (அறுவை அரங்குக்கு) அனுப்ப வேண்டாம். ரத்த வங்கிக்கு ஓடுவது, லேபில் ரிப்போர்ட் வாங்குவது, காப்பீட்டுப் படிவம் நிரப்புவது ஆகியவற்றுக்கு எம்.டி. படிக்கும் மருத்துவர் தேவையில்லை.

விதி இல்லாமலும் இல்லை. ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் 1992ஆம் ஆண்டு உத்தரவு, ரெசிடென்ட் மருத்துவர்களின் (பி.ஜி.க்களும் இதில் அடக்கம்) தொடர் பணி சாதாரணமாக நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகள் வார விடுப்பு ஒரு நாள் என்கின்றன. வேலை நேரத்துக்கு எண் சொல்லவில்லை. ஆணையத்தின் மனநலப் பணிக்குழுவே 2024இல் வாரத்துக்கு 74 மணி நேரத்தை உச்ச வரம்பாகப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் நீண்ட டியூட்டிக்கு நடுவே கருத்தரங்க அறையில் ஓய்வெடுத்த பெண் மருத்துவர் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் 36 மணி நேரப் பணி மனிதத்தன்மையற்றது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னும் யார் சொல்ல வேண்டும்?

பி.ஜி.க்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்காதீர்கள். தீசிஸில் (பட்டத்துக்கான ஆய்வேட்டில்) கையெழுத்துப் போடுபவரும் ரோஸ்டர் போடுபவரும் ஒரே துறையில் இருக்கிறார்கள். மனம் உடைந்தால் சொந்தக் கல்லூரியின் மனநல ஓ.பி.க்கும் போக முடியாது. அங்கே சீட்டு எழுதுவது பேட்ச் நண்பர். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண் இருக்கிறது, நல்லது. கல்லூரிக்கு வெளியே, துறைக்குத் தகவல் போகாத ஆலோசகர் ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள்.

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விளக்கக் கடிதங்களைத் திரும்பப் பெற வேண்டுகிறோம். அடுத்த மாத ரோஸ்டரில் ‘டியூட்டிக்கு மறுநாள் காலை 10 மணி முதல் ஓய்வு’ என்ற வரியைச் சேர்த்து, டீன் கையொப்பத்துடன் ஒவ்வொரு வார்டிலும் ஒட்டச் செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அரசு மருத்துவக் கல்லூரி முதுநிலை மாணவர்கள் சிலர்