ஜூன் ஞாயிறுக்கு முன்: பெண்கள் ஐக்கியச் செயலாளர் அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்காக ஜூன் மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை வைத்து, மேடையில் சேலை கொடுத்து, பிரியாணி போட்டு அனுப்பலாம் என்று பெண்கள் ஐக்கியத்தில் பேசியிருக்கிறீர்கள். அதற்கு எங்கள் யோசனையையும் கேட்டீர்கள். சென்னையில் வேறு சில சபைச் சேகரங்களிலும் இதே பேச்சு நடப்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறோம். பிரியாணி இருக்கட்டும் அக்கா, மேடைச் சேலை மட்டும் வேண்டாம்.

உங்கள் சபையில் வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். சில சமயம் ஒரே பெஞ்சு வரிசையில். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சேலை கொடுத்தால் அதைப் படம் எடுப்பார்கள், படம் மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் போய்விடும். தெருவில் யாருக்கும் சொல்லாமல் வேலைக்குப் போகிறவர், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் தெரியக் கூடாது என்று நினைக்கிறவர், அடுத்த ஆண்டு வரவே மாட்டார். வேலை கொடுக்கிற குடும்பங்களுக்கோ அந்தச் சேலையோடு கணக்குத் தீர்ந்த மாதிரி ஆகிவிடும். அதே காரணத்துக்காக, மேடையில் சாட்சி சொல்லவும் யாரையும் அழைக்காதீர்கள். வேலை கொடுப்பவர் கீழே உட்கார்ந்திருக்க, அவர் வீட்டில் நடப்பதை மைக்கில் யார் உண்மையாகச் சொல்வார்கள்?

முதலில் தேதி. ஜூன் 16 உலக வீட்டுப் பணியாளர் தினம். 2011-இல் அதே நாளில்தான் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) மாநாடு, வீட்டுப் பணியாளர்களுக்கான 189-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஆதரவு 396, எதிர்ப்பு 16, நடுநிலை 63. அந்த நாளையொட்டிய ஞாயிறு என்று பிடித்தால் பல ஆண்டுகளில் மூன்றாம் ஞாயிறில் போய் விழும். அது தந்தையர் தினம். சிறுவர் பாட்டு, அப்பாக்களுக்குப் பரிசு என்று ஆராதனையின் நேரம் முழுவதும் அதற்கே போய்விடும். ஜூன் இரண்டாம் ஞாயிறு என்று நிலையாக வைத்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். தேதியைவிட இதுதான் முக்கியம். காலை எட்டரை மணி ஆராதனைக்கு இவர்களால் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், கறி சமைப்பார்கள், விருந்தாள் வருவார்கள், பாத்திரம் இரட்டிப்பாகும். மற்ற நாளில் பதினொரு மணிக்கு முடிகிற வேலை ஒன்றரை வரை இழுக்கும். கிறிஸ்தவ வீடுகளிலும் இதே கதைதான். குடும்பம் ஆராதனை முடிந்து வருவதற்குள் சாப்பாடு தயாராக இருக்க வேண்டுமென்றால், அந்த வீட்டில் சமைக்கிறவருக்கு ஆராதனை இல்லை. பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் என்று நகரத்துக்கு வெளியே குடியமர்த்தப்பட்டவர்களுக்கு பஸ் நேரமும் சேரும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பது பெரிய உதவிதான், ஆனால் அந்த வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே மாலை மூன்று மணி. மதியப் பாத்திரம் முடிந்து, சாயங்கால வேலை தொடங்கும் முன் இருக்கிற இடைவெளி அதுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணி ஏற்பாடும் ஒட்டுவேலைதான், அக்கா. உண்மையான தீர்வு ஞாயிறு விடுமுறை. அதை வாங்க நீங்கள் கோட்டைக்குப் போக வேண்டியதில்லை, சபை அங்கத்தினர் வீடுகளில் தொடங்கலாம். ஓய்வுநாள் கட்டளையை உபாகமம் 5:14-இல் படித்துப் பாருங்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதை ஆராதனையில் வாசித்த கையோடு, வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை தருகிற வீடுகள் எத்தனை என்று பெண்கள் ஐக்கியத்தில் கைதூக்கச் சொல்லாமல் சீட்டில் எழுதி வாங்குங்கள். கை தூக்கச் சொன்னால் எல்லோரும் தூக்குவார்கள்.

சம்பளத்தோடு என்பதை அழுத்திச் சொல்கிறோம். மாதம் 3,000 ரூபாய்க்கு ஒரு வீட்டில் வேலை செய்பவருக்கு ஞாயிறு விடுமுறை கொடுத்துவிட்டு, நாளொன்றுக்கு 100 என்று நான்கு ஞாயிறுக்கு 400 பிடித்தால் அவர் மூன்றாவது மாதமே, ‘ஞாயித்துக்கிழமையும் வரேம்மா’ என்பார். உடனே, ‘அவங்களுக்கே லீவு வேண்டாமாம்’ என்று பேச்சு வரும். வீட்டுக்காரர்கள் பத்து நாள் ஊருக்குப் போனால் அந்தப் பத்து நாளுக்குப் பிடிப்பதும் இப்படித்தான். வேலைக்கு வர அவர் தயாராக இருந்தார், கதவு பூட்டியிருந்தது. அந்த நஷ்டம் அவர் தலையில் விழக் கூடாது.

இதற்கெல்லாம் ஒரே ஒரு தாள் போதும். எந்தெந்த வேலை (சமையல், பாத்திரம், பெருக்கித் துடைப்பது, துணி, கழிப்பறை என்று தனித்தனியாக), வரும் நேரம், போகும் நேரம், சம்பளம், எந்தத் தேதியில், எந்த நாள் விடுமுறை, உடம்பு சரியில்லாத நாளுக்கு என்ன, பண்டிகைக்கு என்ன, விருந்தாள் வந்தால் கூடுதலாக எவ்வளவு, நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும். இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து. வேலை நிபந்தனைகளை முடிந்தவரை எழுத்தில் தர வேண்டும் என்றுதான் அந்த 189-ஆவது உடன்படிக்கையும் சொல்கிறது. பொதுவாகச் சண்டை வருவது சம்பளத்தில் இல்லை, ‘அப்படியே இதையும் பார்த்துடு’ என்பதில்தான். மாடிப்படி, பால்கனி, நாய், வீட்டுக்கு வந்து தங்கிய மாமியார் என்று ஒவ்வொன்றாகச் சேரும், சம்பளம் அப்படியே நிற்கும். வேலைகளைத் தனித்தனியாக எழுதச் சொல்வது அதனால்தான்.

ஆராதனை ஒழுங்குக்கு வருவோம். பிரசங்கத்துக்கு யோவான் 13-ஐ, அதாவது சீஷர்களின் கால்களைக் கழுவியதை, எடுக்க வேண்டாம் என்று ஆயர் ஐயாவிடம் சொல்லிப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் தரையைக் கழுவுகிறவரிடம் தாழ்மையைப் பிரசங்கிப்பது பொருந்தாது. அப்போஸ்தலர் 12 நல்ல பகுதி. சிறையிலிருக்கும் பேதுருவுக்காகச் சபையார் பலர் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறார்கள். விடுதலையான பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். அந்தச் செய்தியைக் கொண்டுவருகிறவள் ரோதை என்கிற வேலைக்காரப் பெண். நீ பிதற்றுகிறாய் என்கிறது ஜெபக்கூட்டம். அவள் சொன்னது உண்மை. திருட்டுப் பழி, சம்பளப் பாக்கி, தொல்லை என்று வேலைக்குப் போகிற பெண் ஒன்றைச் சொல்ல வரும்போது சபை என்ன பதில் சொல்கிறது என்பதை இந்தப் பகுதியிலிருந்து பேசலாம். பாவ அறிக்கையில் பிடித்துவைத்த கூலியைப் பெயர் சொல்லிச் சேர்க்கலாம், அதற்கு யாக்கோபு 5:4 இருக்கிறது. மன்றாட்டு ஜெபங்களை வேலைக்குப் போகிற பெண்களே எழுதி, அவர்களே வாசிக்கட்டும். ஜெபக் குறிப்புச் சீட்டுகளில் பெயர் வேண்டாம், வாசித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள்.

ஐக்கிய விருந்தில் ஒன்றைப் பார்த்துக்கொண்டால் போதும்: அன்று பரிமாறுவதும் அண்டா கழுவுவதும் வாலிபர் ஐக்கியத்துப் பையன்கள். விருந்துக்கு அழைக்கப்பட்டவர்களே முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்து வருவார்கள், விடாதீர்கள்.

இனி பதிவு மேசை, அதாவது அரசு நல வாரியத்தில் பெயர் பதிய உதவும் மேசை. இதில்தான் ஒரு நாள் வேலை பல ஆண்டுகளுக்குப் பலன் தரும். தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் 2007-இல் வந்தது, 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ். 18 வயது முதல் 60 வரை பதியலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, கண்கண்ணாடி, 60-க்குப் பிறகு ஓய்வூதியம், மரண உதவி ஆகியவை உண்டு. ஆனால் 59 வயதுக்காரர்தான் அலறி அடித்துக்கொண்டு வருவார், 30 வயதுக்காரர் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பார். அறிவிப்பிலேயே வயதைச் சொல்லி அழையுங்கள்.

கொண்டு வர வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம், ஆதாரோடு இணைத்த எண் உள்ள செல்போன். வாரிசாகக் குறிப்பவரின் ஆதாரும் இருந்தால் நல்லது. பெரும்பாலான தடங்கல் செல்போனில்தான். ஓ.டி.பி. எப்போதோ தொலைந்த எண்ணுக்குப் போகும், அல்லது மகன் கையில் இருக்கும் போனுக்குப் போகும், மகன் வேலைக்குப் போயிருப்பான். இரண்டு வாரம் முன்பே எண்ணைச் சரிபார்க்கச் சொல்லி, மாறியிருந்தால் ஆதார் மையத்துக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த தடங்கல் பெயர். ஆதாரில் ஞானஸ்நானப் பெயர், குடும்ப அட்டையில் வீட்டுப் பெயர், வங்கியில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் இனிஷியல். விண்ணப்பம் போய்விடும், பணம் கேட்கும்போது திரும்பும். பெயரைச் சரிசெய்த பிறகே பதியுங்கள். வங்கிகள் இணைந்ததில் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியிருக்கும், அதையும் பாருங்கள்.

வீட்டு வேலைதான் செய்கிறார் என்பதற்குப் பணிச்சான்று வேண்டும். பதிவு பெற்ற தொழிற்சங்கம் தரலாம், வேலை கொடுப்பவரும் தரலாம். இரண்டாவதில்தான் உங்கள் சபை உதவ முடியும். கையெழுத்துப் போட்டால் பி.எஃப். கேட்பார்களோ, வருமான வரிக்காரர் வருவாரோ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. இது பணிக்கான சான்று மட்டுமே, பணம் கட்டும் பொறுப்பு எதுவும் இதனால் வராது என்று ஆயர் ஐயாவே அறிவிப்பு நேரத்தில் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

இ-ஷ்ரம் அட்டை வைத்திருப்பவர், ‘நான் ஏற்கெனவே பதிஞ்சுட்டேன்’ என்பார். அது மத்திய அரசின் பதிவேடு, 12 இலக்க எண் தருவது. வாரிய அட்டை வேறு. இரண்டும் இருக்கலாம், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. வாரிய அட்டையைப் புதுப்பிக்கும் தேதியைச் சபை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அட்டை காலாவதியான பிறகு சாவு விழுந்தால் அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொல்ல முடியாது.

மேசையை ஆராதனை நடக்கும் இடத்திலிருந்து தள்ளி, பாரிஷ் ஹாலிலோ வாசலிலோ போடுங்கள். வருகிறவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருப்பார்கள். ஆராதனையில் உட்கார்ந்தால்தான் பதிவு என்ற தோற்றம்கூட வரக் கூடாது. அவர்களுக்கு அது அவமானம், உங்களுக்குத் தேவையில்லாத வம்பு.

பிரச்சினை என்று ஒருவர் வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே தெரிந்து வைத்திருங்கள். அதிகம் வருவது திருட்டுப் பழி. நகை காணவில்லை என்றதும் முதலில் பிடிபடுவது வேலை செய்பவரின் பை. பெண்ணின் உடலைச் சோதனை போடுவதென்றால் அதைப் பெண் போலீஸ்தான், கண்ணியமாகச் செய்ய வேண்டும். வீட்டுக்காரருக்கு அந்த அதிகாரம் கிடையாது. சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர் குடியிருக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு, உதிக்கும் முன் பெண்ணைக் கைது செய்வதென்றால் விதிவிலக்கான காரணமும், பெண் போலீஸும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் (பி.என்.எஸ்.எஸ்.) இவை தொடர்கின்றன. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. சபையில் ஒரு வக்கீல் இருந்தால் அவரையும், அவரோடு போக இரண்டு பெண்களையும் இப்போதே பேசி வையுங்கள். ஆயர் ஐயா தனியாகப் போய் இன்ஸ்பெக்டரிடம் ‘கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்பதில் முடியக் கூடாது. குற்றம் சாட்டிய குடும்பமும் அதே சபையாக இருந்தால் ஆயர் பாடு திண்டாட்டம்.

பாலியல் தொல்லை என்றால், பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். புகார் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். எழுதத் தெரியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும். வீட்டு வேலை செய்பவரின் புகாரில் முகாந்திரம் இருந்தால் குழு அதை ஏழு நாளுக்குள் போலீசுக்கு அனுப்ப வேண்டும். ‘குடும்பமாப் பேசி முடிச்சுடலாம்’ என்று மூப்பர்கள் உட்காருவதுதான் இங்கே பெரிய ஆபத்து. பேசிக்கொண்டே இருப்பார்கள், மூன்று மாதம் ஓடிவிடும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை ஒரு வீட்டில் வேலை செய்வது தெரிந்தால் பேச்சே வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

கோரிக்கை மனு விஷயம். வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்பதே பழைய கோரிக்கை. தமிழ்நாடு அரசு 2018-இல் இவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தது, ஆனால் வீட்டுக்குள் போய்ப் பார்க்கத் தொழிலாளர் துறைக்கு வழி இல்லாததால் பெரும்பாலும் தாளோடு நிற்கிறது. 189-ஆவது உடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்கான சட்டம் பற்றி ஆராய நிபுணர் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மனுவைச் சேகரக் குழுவில் தீர்மானமாக நிறைவேற்றி, பேராயருக்கும் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் தொழிலாளர் நலத் துறைக்கும் அனுப்பலாம். ஆனால் வாசகத்தை நீங்கள் எழுத வேண்டாம். பெல்ஜியத்திலிருந்து வந்த கன்னியாஸ்திரி ஜீன் தேவோஸ் 1985-இல் தொடங்கிய தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கம் போன்றவையும், சங்கங்களும் ஏற்கெனவே கோரிக்கைப் பட்டியல் வைத்திருக்கின்றன. அவர்களை அழைத்துக் கேளுங்கள், அவர்கள் மனுவில் உங்கள் கையெழுத்தைச் சேருங்கள்.

ஒரு தாள் ஒப்பந்தத்தின் மாதிரியை அடுத்த வாரம் அனுப்புகிறோம். அதில் முதல் இரண்டு கையெழுத்து உங்கள் வீட்டிலும் ஆயர் ஐயா வீட்டிலும் ஆகட்டும். அதற்குப் பிறகு மற்ற வீடுகளுக்குக் கொடுங்கள்.

ஸ்தோத்திரத்துடன்,
பதிவு மேசைச் சகோதரிகள்