கட்டணத்தை விட மீதமுள்ள கிரெடிட் முக்கியம்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் நீ நாள்தோறும் நீந்தப் போவதை அறிந்து மகிழ்ந்தேன். எனக்கோ மூட்டுவலி, நடைப்பயிற்சியே பெரும்பாடாக இருக்கிறது. அது கிடக்கட்டும். ஃப்ளோரிடாவில் வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் இளநிலைப் பட்டத்தை முடிக்க விரும்பும் உன் மகளுக்கு எந்தப் பல்கலைக்கழகம் மலிவு என்று கேட்டிருந்தாய்.

மாணவர் சேர்க்கைப் பிரிவில் வெகுகாலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது படித்த பாடத்தை அளக்கும் ஓர் அலகுக்கு, எவ்வளவு கட்டணம் என்ற கணக்கு மட்டும் போதாது. பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். ஒருவர் முன்பே வேறு கல்லூரியில் 70 முடித்திருப்பதாக வைத்துக்கொள். கிரெடிட்டுக்கு 300 டாலர் வாங்கும் கல்லூரி அவற்றில் 45-ஐ மட்டும் ஏற்றால், மீதி 75-க்கு 22,500 டாலர் ஆகும். 380 டாலர் வாங்கும் கல்லூரி எழுபதையும் ஏற்றால் 19,000 டாலரில் முடிந்துவிடும். ‘ஏற்கிறோம்’ என்ற சொல்லிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விருப்பப் பாடமாக மட்டும் ஏற்கப்படும் கிரெடிட், முதன்மைப் பாடத்தின் தேவையைக் குறைக்காது. மாணவர்கள் கல்லூரி மாறும்போது சராசரியாக 43 சதவீத கிரெடிட்டுகளை இழக்கிறார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2017-இல் மதிப்பிட்டது.

சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர், மேரிலாண்ட் குளோபல் கேம்பஸ் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களும் வேறிடத்தில் பெற்ற கிரெடிட்டில் 90 வரை ஏற்கின்றன. வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் கிரெடிட்டுக்கு அல்லாமல் ஆறு மாதப் பருவத்துக்கு ஒரே கட்டணம் வாங்குவதால், வேகமாகப் படிப்பவர்களுக்கு அது மிகவும் மலிவு. ஆனால் அங்கே ஏ, பி, சி என்ற வழக்கமான எழுத்துத் தரம் கிடையாது, பின்னால் முதுநிலைக்குப் போக நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தாமஸ் எடிசன், சார்ட்டர் ஓக் ஆகிய அரசுக் கல்லூரிகள் 1970-களின் தொடக்கத்தில் வயதுவந்த மாணவர்களுக்காகவே தொடங்கப்பட்டவை. பல இடங்களில் சிதறிச் சேர்த்த கிரெடிட்டுகளை ஒன்றுசேர்க்க அவை ஏற்றவை.

ஆயினும் உன் மகளுக்கு இவை எதையும் நான் முதலில் சொல்லமாட்டேன். அவள் முன்பு படித்தது ஃப்ளோரிடாவின் அரசுக் கல்லூரியில்தானே? ஏ.ஏ. என்ற ஈராண்டுப் பட்டத்துக்குத் தேவையான 60 கிரெடிட்டில் பன்னிரண்டுதான் பாக்கி என்று எழுதியிருக்கிறாய். முதலில் அதை முடிக்கட்டும். அந்தப் பட்டம் கையில் இருந்தால் பொதுக்கல்விப் பாடங்கள் முடிந்ததாக மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஏற்க வேண்டும், அவற்றுள் ஏதாவது ஒன்றில் இடமும் உறுதி. விரும்பிய பல்கலைக்கழகமே கிடைக்கும் என்ற உறுதி மட்டும் இல்லை. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பிரிவு மாநிலவாசிகளிடம் கிரெடிட்டுக்கு 129.18 டாலர் வாங்கிவந்தது. அந்தக் கணக்கில் மீதி அறுபதுக்கு எட்டாயிரத்தைக்கூடத் தொடாது. பாக்கி உள்ள பன்னிரண்டில் சிலவற்றை, வகுப்புக்குப் போகாமலே கிரெடிட் தரும் கிளெப் தேர்வை எழுதியே பெற்றுவிடலாம்.

வசதி குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் உதவித்தொகைக்கும் அவள் விண்ணப்பிக்கட்டும். அது திருப்பித் தரவேண்டிய கடனன்று. வாழ்நாளில் 12 செமஸ்டருக்குச் சமமான அளவு வரைதான் கிடைக்கும் என்பதால், முன்பு எத்தனை செமஸ்டர் வாங்கினாள் என்று கேட்டுச் சொல்.

எங்கே விண்ணப்பித்தாலும், எந்தப் பாடம் எந்தத் தேவைக்கு ஈடாக ஏற்கப்பட்டது என்ற மதிப்பீட்டை எழுத்தில் வாங்காமல் பணம் கட்ட வேண்டாம். அவளுடைய டிரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடங்கள், மதிப்பெண்களின் பட்டியல்) நகலை எனக்கு அனுப்பச் சொல், பாடம் பாடமாகப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்